தொட்டியின் முன்னால் எர்சிலியா சொன்னது

எர்சிலியாவின் வாயிலிருந்து அவள் பேச்சைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் வேறொருத்தியின் குரலை வைத்துத் தைத்திருக்கிறார்கள். சற்று முன் அதைப் பார்த்துத்தான் நாம் எல்லோரும் சிரித்தோம்.

சொல்லிவிட்டேன். இனி முறைப்படி வணங்குகிறேன்.

மூன்றாம் கதையில் ஆயரின் தொப்பிக்குள் கோழி முட்டையிட்டபோது எல்லோருக்கும் முன்னால் சிரித்துவிட்டு, பிறகு இருமியதுபோல் காட்டிக்கொண்ட, இந்த அவையின் தலைவர் பங்குத்தந்தை குயிரீனோ அவர்களே! ஆறு குட்டிக் கதைகளை ஒரே படமாகக் கட்டி, ‘ஆறு அசட்டு ஞாயிறுகள்’ என்று பெயர் சூட்டி, இத்தாலி முழுவதும் ஓட்டி, இன்று நம் பங்குக் கொட்டகைக்கும் கொண்டுவந்திருக்கும் தயாரிப்பாளர் பெர்திகா அவர்களே! அவர் அருகில் அமர்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் சலுஸ்திரி அவர்களே! செங்கல் சுமந்த தோள்களோடு வந்திருக்கும் பெரியவர்களே! மதியம் பாஸ்தா வெந்த பானையைக் கழுவத் தண்ணீரின்றி, அப்படியே கவிழ்த்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! பழைய கால்வாயின் கல் வளைவுகளுக்கு அடியில் வாழும் என் மக்களே! வணக்கம்.

நன்றியுரை சொல்லத்தான் இந்தப் பூச்சுவேலைக்காரன் நேவியோவை மேடையேற்றினார்கள். சொல்கிறேன். எதற்கு நன்றி என்று தெரிந்து சொல்ல வேண்டாமா?

யாரது பின்னால், தூலியோவா? “ஆரம்பிச்சுட்டான்யா! சட்டுனு முடிடா, ரேடியோல மேட்ச் போடப் போறான்” என்கிறான். பொறு தூலியோ. உன் அணி தோற்க இன்னும் நேரம் இருக்கிறது.

நான் சிரிப்புக்கு எதிரியா? இந்தப் படங்களுக்கு நான் பைத்தியம்! ஒரு டிக்கெட்டில் ஆறு கனவு. முதல் கதையில் நீதிபதி தன் நிழலுக்கே சிறைத்தண்டனை விதிக்கிறார். நிழல் மேல்முறையீடு செய்து வெல்கிறது. இரண்டாம் கதையில் கடற்கரைக்குப் போக வழியில்லாத குடும்பம் ஒன்று, வீட்டையே கயிறு கட்டிக் கடலுக்கு இழுத்துப் போகிறது. ஒரு கனவு கலையும் முன்பே அடுத்த கனவு கண்ணுக்குள் வந்துவிடுகிறது. எங்கிருந்து வருகிறது இந்த அபத்தம்? எழுதுகிறவர்களின் மேசையிலிருந்தா? ரோம் நகருக்குத் தண்ணீர் கொண்டுவரக் கட்டிய கால்வாய் நம் கூரைக்கு மேலே. கூரைக்குக் கீழே நானூறு குடும்பங்கள், நானூறு காலி வாளிகள்; எட்டத்தில் எங்கோ ஒரே குழாய். இதைவிடப் பெரிய வேடிக்கையை எவன் எழுதிவிட முடியும்? அபத்தம் நம் வீட்டுச் சரக்கு ஐயா! நம்மிடம் எடுத்து நமக்கே படம் காட்டுகிறார்கள்.

நான்காம் கதைக்கு வருகிறேன். ஒரு பிரபுவின் குளியல்தொட்டி. அவரையே தினமும் குளிப்பாட்டிச் சலித்துப்போய், தன் நான்கு சிங்கக் கால்களால் நடந்து அரண்மனையை விட்டு ஓடிவிடுகிறது. தெருத்தெருவாகத் திரிந்து நம் வளைவுகளுக்கு வருகிறது. ஏழைகள் அதைப் புனிதப் பொருள் என்று வணங்குகிறார்கள். மழை பெய்கிறது, தொட்டி நிறைகிறது, நுரை ததும்ப மேகத்துக்குள் மிதந்து போகிறது. அந்த மேகம் நான் பூசியது. சுண்ணாம்பும் சாக்குத்துணியும். ஆனாலும் இன்று திரையில் பார்த்தபோது என் நெஞ்சும் கூடவே மிதந்தது, மறுக்கமாட்டேன்.

போன மார்ச்சில் படம்பிடித்த நாள் நினைவிருக்கிறதா? வெள்ளைத் தொட்டி நம் சேற்றில், பிறை இறங்கி வந்து குந்தியதுபோல் நின்றது. மழைக்காகத் தீயணைப்பு வண்டியில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். குழாயைத் திறந்துவிட்டதும் என்ன நடந்தது? “ஓடுங்க” என்று யாரும் சொல்லவில்லை. நாம் ஓடினோம்! வாளியோடு ஓடினோம், பானையோடு ஓடினோம், குழந்தையின் மூத்திரச் சட்டியோடு ஓடினோம். தூலியோ தன் போர்க்காலத்து இரும்புத் தொப்பியைக் கழற்றி நீட்டினான். சிரிக்காதே தூலியோ, திரையில் நீதான் அழகாக இருந்தாய். இயக்குநர் நாற்காலிமேல் ஏறிக் கத்தினார்: “நிறுத்தாத, நிறுத்தாத! இந்தக் கூத்த நான் யோசிச்சே இருக்க மாட்டேன்!”

அதன் பிறகுதான் எர்சிலியாவைக் கூப்பிட்டார்கள். ஊரார் துணி துவைத்துப் பிழைக்கும் எர்சிலியா; தூரத்துக் குழாயிலிருந்து தலைச்சுமையாகத் தண்ணீர் கொண்டுவருகிற எர்சிலியா. நம் நாட்டில் படம்பிடிக்கும்போது குரலைப் பிடிப்பதில்லை. உதடு அசைந்தால் போதும், குரலைப் பிறகு ஒட்டிக்கொள்வார்கள். அதனால் நம்மைப் போன்றவர்களுக்கு வசனம் கிடையாது. ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வார்கள். இங்கே பாதிப் பேர் காமிராவுக்கு முன்னால் எண்ணியவர்கள்தானே?

உதவி இயக்குநர் சொன்னான்: “அம்மா, தொட்டிக்கு முன்னால மண்டி போடுங்க. சாமி கும்பிடுற மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு, ஒண்ணுலேர்ந்து முப்பது வரைக்கும் எண்ணுங்க.”

“எண்ணத்தான் வேணுமா தம்பி? வேற ஏதாச்சும் சொன்னா?”

“எதச் சொன்னா என்னம்மா? எங்க காதுலயா விழப்போவுது? வாய் அசஞ்சாப் போதும்.”

“அப்பச் சரி” என்றாள் எர்சிலியா.

மேகத்தைத் தாங்கிக்கொண்டு நான் மூன்றடி தள்ளி நின்றேன். ஏழு வரை எண்ணினாள். பிறகு தொட்டியை விட்டுக் கண்ணை எடுத்தாள். காமிராவைப் பார்த்தாள். நான் கேட்டேன். என் இரண்டு காதாலும் கேட்டேன்.

“யாரு பாக்குறீங்களோ தெரியல. இங்க நானூறு குடும்பம் இருக்கோம். காயிதத்துல நாங்க இல்லவே இல்லன்னு சொல்றாங்க. இருக்கோம். இந்தாருங்க, இதான் என் மூஞ்சி. எங்க வாசலுக்கு ஒரு குழாயப் போடுங்க.”

“அற்புதம்! கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டு எண்ணுறா பாரு!” என்றார் இயக்குநர்.

இன்று அந்த வாய் திரையில் பத்தடி அகலத்துக்குத் திறந்தது. என்ன வந்தது? கீச்சென்று ஒரு குரல்: “புனிதத் தொட்டியே! எம் புருசன ஊறவச்சுப் புதுசாக்கிக் குடு!” கொட்டகை குலுங்கியது. நானும் சிரித்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், கண்ணில் நீர் வரச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த எர்சிலியா தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“நேவியோ, யாருடா அவ?”

“நீங்கதான்க்கா.”

“வாய் என்னுது. அவ யாரு? நாளைக்கு நான் சாகும்போதும் அவதான் முனகுவாளா?”

 இதற்கு உங்களில் யாருக்காவது பதில் தெரியுமா?

என்ன சொல்கிறீர்கள் பெர்திகா அவர்களே? “சும்மா சிரிக்கத்தான்ப்பா எடுத்தது, இதப் போயி…” என்கிறீர்களா? சிரிக்கத்தான். நாங்களும் சிரித்தோம். ஆனால் போன மாதம் நாம் கொடுத்த மனுவுக்கு நகர்மன்றம் எழுதிய பதிலைப் பங்குத்தந்தை வாசித்தாரே, அதையும் கேளுங்கள். ‘குறிப்பிட்ட வளைவுகளின் அடியில் பதிவு பெற்ற குடியிருப்போர் எவரும் இல்லை, ஆகவே குழாய் இணைப்பு என்ற கேள்வியே எழவில்லை.’

கேள்வி எழவில்லையாம்! சலுஸ்திரி அவர்களே, இல்லாதவர்கள் மழைக்குப் பானை ஏந்துவார்களா? இல்லாதவர்கள் நனைவார்களா? இல்லாதவர்களைப் பார்த்து நீங்கள் இவ்வளவு நேரம் தொடையில் தட்டிச் சிரித்தீர்களே, எதைப் பார்த்துச் சிரித்தீர்கள்? மிலான் பார்த்திருக்கிறது எங்களை, நாப்போலி பார்த்திருக்கிறது எங்களை, டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒரு நாடே பார்த்திருக்கிறது எங்களை! உங்கள் பதிவேடு மட்டும் இன்னும் பார்க்கவில்லை.

கைதட்ட வேண்டாம். தட்டினால் கலைந்து வீட்டுக்குப் போய்விடுவோம். இன்று போகக்கூடாது.

தலைமை தாங்கியவருக்கு நன்றி. படத்தை ஓட்டிய பிளீனியோ அண்ணனுக்கு நன்றி. சிங்கக் கால் தொட்டியைக் கனவு கண்டவர்களுக்கு, மெய்யாகவே நன்றி. அமர்ந்து கேட்ட அனைவருக்கும் என் வணக்கம்.

பெர்திகா அவர்களே, நான்காம் கதையை மறுபடி ஓட்டுங்கள், ஒலியை அணைத்துவிட்டு. எர்சிலியாக்கா, எழுந்து வாங்க. திரைக்குப் பக்கத்தில் நின்று, அந்த உதடு அசையும்போது அவர் பேசட்டும். நகர்மன்ற உறுப்பினர் கேட்கட்டும். பிளீனியோ அண்ணன் படக்கருவியில் கை வைத்துக் காத்திருக்கிறார். படம் உங்களுடையது, அனுமதி நீங்கள்தான் தர வேண்டும்.

ஓட்டலாமா?

பெர்திகா அவர்களே, கிளம்புவதற்கா தொப்பியை எடுக்கிறீர்கள்? உட்காருங்கள். எர்சிலியாக்கா வந்து நிற்கிறார்.

ஐயா, ஓட்டலாமா?