மூத்தாள் மேல் விழுந்த பழி

அவர் கடைசியாக என்னிடம் கேட்டது ரப்பர் செருப்பைத்தான். கழுவி மாடியில் காயவைத்திருக்கிறேன் என்றேன். "சரி விடு, ஒரு நிமிஷ வேலைதானே" என்று பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு துணி துவைக்கும் அறைக்குப் போனார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

என் கணவரைக் கொன்றது எங்கள் வாஷிங் மெஷின் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவருடைய தம்பி அதைப் பழைய இரும்புக்குப் போட ஆள்கூடப் பேசிவிட்டார். அது நியாயமில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அது இரட்டைத் தொட்டி மெஷின். ஒரு தொட்டி துவைக்கும். பக்கத்துத் தொட்டி டிரையர். தகர உடம்பு, பாசிப் பச்சை நிறம். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே, அவர் தனியாக இருந்த காலத்தில் வாங்கியது. அதனால் அதற்கு மூத்தாள் என்று பெயர் வைத்திருந்தார். அப்படியென்றால் நான் இளையாள். முதல் தடவை கேட்டபோது நானும் சிரித்தேன். புதுப்பெண் வேறென்ன செய்வாள். பிறகு அந்த வேடிக்கை வீட்டுக்குள் குடியேறிவிட்டது. அவருடைய ஆபீஸ் நண்பர்கள் வாசலிலேயே "மூத்தவங்க சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுத்தான் என்னைப் பார்ப்பார்கள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதற்கும் மூத்தாளை வைத்து ஒரு வேடிக்கை இருந்தது. அதை எழுத வேண்டாம்.

நல்ல மெஷின்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குத் தண்ணீர் பிடித்து ஊற்ற வேண்டும். நனைந்த போர்வையை இந்தத் தொட்டியிலிருந்து தூக்கி அந்தத் தொட்டியில் திணிக்க வேண்டும். என் இடுப்பு அதிலேயே போயிற்று. புதிதாக ஒன்று வாங்கலாமே என்று எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான். இப்போது வருவதெல்லாம் வெறும் பிளாஸ்டிக், இவள் என்னை ஒரு நாள்கூடக் கைவிட்டதில்லை என்பார். துவைக்கிறவள் நான். கைவிடாதவள் அவள்.

கெட்டுப்போனால் போய்விடும் என்று நினைத்தேன். சோப்புத்தூளை அள்ளிக் கொட்டினேன். சட்டைப் பையில் ஆணியை விட்டுத் துவைத்தேன். தண்ணீர் வெளியேறும் குழாயை பிளேடால் கீறினேன். எல்லாமே அவளுக்குச் சாதகமாகத்தான் முடிந்தது. ஒவ்வொரு பழுதுக்கும் அவர் விடுமுறை நாள் முழுக்க அவள் பக்கத்திலேயே குந்தியிருந்தார். தகரத்தில் கன்னத்தை ஒட்டவைத்து மோட்டார் சத்தம் கேட்டார். எனக்குத் தலைவலி என்றால் மாத்திரை எந்த அலமாரியில் இருக்கிறது என்று மட்டும் சொல்வார். கீறிய குழாய்க்கு டேப் சுற்றினார். அது சொட்டிக்கொண்டே இருந்தது. அந்த அறையின் தரை அதன்பிறகு காயவே இல்லை.

பச்சை வயரைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். பழைய மோட்டார், உடம்பில் கொஞ்சம் கரண்ட் கசியத்தான் செய்யும், இந்த எர்த் வயர்தான் அதைத் தரைக்குக் கொண்டுபோய்விடுகிறது என்று ஒரு நாள் பெருமையாக விளக்கினார். நான் பிளக்கைத் திறந்து அந்த வயரைக் கழற்றி விட்டேன். நான் துவைக்கும் நாட்களில் மறுபடி மாட்டிக்கொள்வேன். எனக்கு ஷாக் என்றால் பயம்.

ஒரு சின்ன அடி விழுந்தால் வெறுத்துவிடுவார் என்பதுதான் என் எண்ணம். விழுந்தது. கையை உதறிக்கொண்டே சிரித்தபடி சமையலறைக்கு வந்தார்.

"மூத்தாளுக்கு என்னமோ கோபம். நீ ஏதாவது சொன்னியா?"

"நான் எதுக்குச் சொல்றேன். பேசாம தூக்கிப் போட்டுடுங்க."

"கட்டினவ கோச்சுக்கிட்டான்னு தூக்கிப் போட்டுடுவாங்களா?"

அந்த வீட்டிலிருந்த இன்னொரு கட்டினவள் குழம்பைக் கிளறினாள்.

மெஷினுக்குப் பின்னால் கைவிட்டுப் பச்சை வயரை இழுத்துப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. பிளக்கைத் திறக்க அவருக்குத் தோன்றவில்லை. வயதாகிறது, அதுதான் முனகுகிறாள் என்று அவராகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். மறுநாளே ரப்பர் செருப்பு வாங்கி வந்தார். அதைப் போட்டுக்கொண்டு அவளிடம் போவதும் வருவதுமாக இருந்தார். ஷாக் அடிக்கிற மனைவிக்காகச் செருப்பு வாங்குகிற மனிதரை என்ன செய்வது, சொல்லுங்கள்.

சொட்டும் குழாய் ஆளைக் கொல்லாது. வயர் கழன்றாலும் செருப்பு காப்பாற்றும். செருப்பு அழுக்கானால் கழுவத்தான் வேண்டும். எந்த வீட்டிலும் நடப்பதுதான். அன்று காலை மூன்றும் சேர்ந்து அமைந்துவிட்டன. அமைத்தவள் நான். அன்று அவர் மோட்டார் சத்தம் கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். மெஷினை ஓடவிட்டுத்தான் கேட்பார் என்பதும், கன்னத்தை எங்கே வைப்பார் என்பதும் தெரியும்.

அவர் சத்தம் எதுவும் வரவில்லை, மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வெங்காயத்தை உரித்து முடித்துவிட்டுப் போய் பிளக்கைப் பிடுங்கினேன். பிறகு பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். ஆட்கள் அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே போனபோது நான் மட்டும் பின்தங்கி, பச்சை வயரை அதன் இடத்தில் முடுக்கி வைத்தேன். வருகிறவர் போகிறவர் யாரையாவது ஷாக் அடித்துவிடக் கூடாதே என்றுதான். விசாரிக்க வந்தவர்கள் எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட்டு, வயர் எல்லாம் சரியாக இருக்கிறது, மெஷின்தான் பழசு என்றார்கள். என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள்.

நேற்று தம்பி வந்திருந்தார். "அண்ணி, அண்ணனைக் கொன்ன சனியன் இன்னும் எதுக்கு? நான் புதுசு வாங்கித் தர்றேன். பட்டனைத் தட்டினா போதும், மீதி எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்" என்றார். எத்தனையோ காலம் நான் கேட்டது அதைத்தான். இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாவம், அவள் ஒரு தவறும் செய்யவில்லை. அவளோடு எனக்கு இனி மனத்தாங்கல் எதுவும் இல்லை.

நன்றாகத்தான் ஓடுகிறாள். டிரையர் மூடி மட்டும், எப்போதும் போல, தானாகப் பிடிப்பதில்லை. சுற்றி முடிக்கும்வரை யாராவது பக்கத்திலேயே நின்று உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும்.