ஐஸில் புதைத்த மருந்து

திருவொற்றியூரில் ஏறிய ஷேர் ஆட்டோவில், ஐஸ் பெட்டியை மடியில் வைத்திருந்த மீன்காரம்மாவிடம் என் பக்கத்திலிருந்த நர்ஸ் கேட்டாள்.

"இன்னா மீனுக்கா?"

"மீனு இல்லமா, ஊசி மருந்து. எம்பொண்ணு ரத்தத்துல காமாலைக் கிருமி கீதாம். காலைல கொழந்த பொறந்துச்சு. அதுக்கும் ஒட்டிக்காம இருக்க பன்னெண்டு மணி நேரத்துக்குள்ள போடணுமாம். கெட்டுடக் கூடாதுன்னு ஐஸுக்குள்ள பொதைச்சு எடுத்துகினு போறேன்."

"அய்யோ, ஒருதரம் உறைஞ்சாலே மருந்து செத்துடும்க்கா. மறுபடி உருகுனா பாக்க அப்டியேதான் இருக்கும். ஆனா கிருமியத் தடுக்காது."

ஈரம் சொட்டும் குப்பியை மீன்காரம்மா வெயிலில் தூக்கிப் பிடித்தாள். உள்ளே மருந்து தெளிவாக, உயிருள்ளதுபோல அசைந்தது.

"மீனுன்னா செவுளப் பாத்தே சொல்லிடுவேன். இது செத்துச்சான்னு எதப் பாத்து சொல்றது?"