கெட்டுப்போன ஆய்வும் கிடைத்த கேள்வியும்

இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் எங்கள் உளவியல் துறைத் தலைவர் அம்மையார் அவர்களே! கேட்ட கேள்விக்கு விடை தராமல், விடைக்குப் போகும் வழியைக் காட்டிவிட்டு விலகி நிற்கும் பேராசிரியப் பெருமக்களே! ஆய்வகத்து அலமாரிகளையும் எங்கள் அவசரங்களையும் ஒருசேரப் பொறுத்துக்கொள்ளும் அலுவலக நண்பர்களே! பெற்ற பிள்ளையை இந்தப் படிப்பில் சேர்த்துவிட்டு, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தந்தைமார்களே! பள்ளிக்கூட வாசம் போகுமுன்னே பல்கலைக்கழகப் படியேறி வந்திருக்கும் என் இளைய தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த எளியவனின் வணக்கம்.

உங்களை வரவேற்றுப் பேச ஓர் அறிஞரை அழைத்திருக்கலாம். அவர் வரமுடியாமற்போனதால்தான் என்னை அழைத்தார்களோ என்று எனக்கு ஐயம். துறைத் தலைவரிடமே கேட்டுவிட்டேன். "இல்லைங்க, உங்களைத்தான் முதல்ல நெனச்சோம்" என்றார். அது உண்மையா, மரியாதையா என்று கண்டுபிடிக்க, நான் இதுவரை படித்த உளவியல் போதவில்லை.

ஆம், அன்பர்களே! நானும் மாணவன்தான், இறுதியாண்டு மாணவன். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற கையோடு இங்கே விண்ணப்பித்தேன். "ஏங்க, இந்த வயசுல பரீட்சை எழுதணுமா?" என்றாள் என் மனைவி. "மனசைப் பத்திப் படிக்கப் போறேன்" என்றேன். "இத்தனை வருஷமா பக்கத்துலயே ஒரு மனசு இருந்துச்சே, அதை எப்பப் படிப்பீங்க?" என்றாள். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "எங்க மனசுல இப்போ என்ன இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்!" தம்பி, 'இவர் எப்போது முடிப்பார், எப்போது தேநீர் தருவார்கள்' என்பதுதானே? அதைச் சொல்லப் பட்டம் வேண்டாம், பசி போதும். ஆனால் இந்தக் கேள்வி உங்களை ஆயுள் முழுதும் துரத்தும். பேருந்தில் கேட்பார்கள். கல்யாண வீட்டில் கேட்பார்கள். பல் பிடுங்கும் மருத்துவர், உங்கள் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கேட்பார். கோபப்படாதீர்கள். "தெரியாது, கேட்டால்தான் தெரியும்" என்று சொல்லிப் பழகுங்கள். இந்தத் துறையின் அகரமும் அதுதான், அடித்தளமும் அதுதான்.

ஏனென்றால் முதல் மாதத்திலேயே உங்களுக்கு ஒரு காய்ச்சல் வரும். பாடநூலில் பக்கத்துக்கு ஒரு கோளாறு படிப்பீர்கள். படித்ததெல்லாம் பக்கத்தில் இருப்பவருக்கு இருப்பதாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது. என் மைத்துனருக்கு மூன்று கோளாறுகள் கண்டுபிடித்து, முறைப்படி வரிசைப்படுத்தி, மனைவியிடம் சொன்னேன். "கோளாறும் இல்ல, கீளாறும் இல்ல. எங்க அண்ணனுக்கு வேலைக்குப் போக இஷ்டமில்ல, அவ்வளவுதான்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். உற்றாரையும் உறவினரையும் விட்டுவிடுங்கள், தோழர்களே! அவர்கள் உங்கள் நோயாளிகள் அல்லர். உங்களுக்குச் சோறு போடுகிறவர்கள்.

வேறென்ன சொல்வது? புள்ளியியல் வகுப்புக்கு அஞ்சாதீர்கள். மனத்தைப் படிக்க வந்த இடத்தில் கணக்கு ஏன் என்று கலங்காதீர்கள். பேராசிரியரின் அறைக்கதவு திறந்திருக்கும் வேளையில் உள்ளே போங்கள். கேள்வி இல்லாவிட்டாலும் போங்கள். போனால் கேள்வி வரும். அந்தக் கதவுக்கு வெளியே செருப்பைத் தேய்த்துத் தேய்த்தே ஒரு பருவத்தைக் கழித்தவன் சொல்கிறேன்.

இவையெல்லாம் எவரும் சொல்லக்கூடிய அறிவுரைகள். எவரும் சொல்லாத ஒன்று என்னிடம் உண்டு. எங்கள் ஆய்வு கெட்டுப்போன கதை! கேட்கிறீர்களா? கேட்கிறோம் என்கிறது முன்வரிசை. பின்வரிசை தேநீரை நினைக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

முதலாண்டின் முடிவில் இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு சிறிய ஆய்வு நடத்தி, பெற்றோர் முன்னிலையில் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது இத்துறையின் வழக்கம். எனக்கு இணையாக வாய்த்தவளுக்கு வகுப்பு வைத்த பெயர் சூறாவளி. நான் ஒரு சொல் எடுத்து உதட்டுக்குக் கொண்டுவருவதற்குள் அவள் ஒரு பத்தி பேசி முடித்திருப்பாள். என்னைப் பெரியப்பா என்பாள்.

அந்தச் சூறாவளிக்குள் ஓர் அச்சம் சுழன்றுகொண்டிருந்தது. அவள் தந்தை பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். மகளை இங்கே சேர்க்கும்போதே நிபந்தனை போட்டிருந்தார். "மனசைப் படிக்கிறதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு ஆய்வகமாம்! சரி, ஒரு வருஷம் போ. வருஷக் கடைசில நானே வந்து பாப்பேன். இது படிப்புதான்னு எனக்குத் தோணுச்சுன்னா தொடரு. இல்லேன்னா கணக்கியலுக்கு மாத்திக்கோ." காட்சி நாளன்று அவர் வருவார். அவள் இங்கே இருப்பதா, போவதா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் கேள்வி எளியது. ஒருத்தி கையிலிருந்து தாள்கள் கீழே விழுகின்றன. கைப்பேசியில் கண் பதித்து நடப்பவர் நின்று எடுத்துக் கொடுப்பாரா? கைப்பேசி இல்லாமல் நடப்பவர் எடுப்பாரா? முன்னவர் எடுக்கமாட்டார், பின்னவர் எடுப்பார் என்பது எங்கள் கணிப்பு. நூலகப் படிக்கட்டின் அடியில் சூறாவளி தாள்களைத் தவறவிட வேண்டும். நான் தூணுக்குப் பின்னால் நின்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒளிந்து நிற்பதில் எனக்கு இயற்கையாகவே தேர்ச்சி உண்டு.

ஆய்வுக்கு ஓர் அறம் உண்டு, தோழர்களே. அறியாமல் ஆய்வில் அகப்பட்டவரிடம், முடிந்ததும் உண்மையைச் சொல்லி, அவர் சம்மதத்தைக் கேட்க வேண்டும். அதைத் தவறாமல் செய்தோம். தாள் விழும், ஆள் போவார், தூணுக்குப் பின்னாலிருந்து நான் வெளிப்படுவேன். ஆய்வு என்ன, கணிப்பு என்ன, கைப்பேசி ஏன், எல்லாவற்றையும் அடி முதல் நுனி வரை விளக்குவேன். 'இதை வெளியே சொல்லாதீர்கள்' என்று ஒரு வாக்கியம் சேர்த்திருக்க வேண்டும். அந்த ஒன்றுதான் எங்கள் இருவர் மூளையிலும் உதிக்கவில்லை!

முதல் நாள் எல்லாம் கணிப்பின்படியே போயிற்று. இரண்டாம் நாள் சூறாவளி தாள்களைத் தவறவிட்டாள். நாலாபுறமிருந்தும் ஓடி வந்தார்கள்!

"அக்கா, நான்தான் முதல்ல எடுத்தேன், எழுதிக்கோங்க!"

"போடா, உன் கையில கைப்பேசியே இல்ல. நான் பாத்துக்கிட்டே வந்து எடுத்தேன். எனக்குத்தான் கணக்கு!"

நூலகக் காவலர் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்: "தூணுக்குப் பின்னாடி நிக்கிற ஐயா, வெளிய வாங்க! வெயில் அங்கதான் அடிக்குது."

பல்கலைக்கழகம் முழுவதும் பரவிவிட்டது! எடுக்காதவர் இல்லை, ஏந்தாதவர் இல்லை, எட்டிப்பார்க்காதவர் இல்லை. மறுநாள் சூறாவளி படியில் உண்மையாகவே தடுக்கி விழுந்தாள். முழங்கால் சிராய்த்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். "நேத்தைவிட இன்னைக்கு நல்லா நடிக்கிறீங்க!" என்றார் ஒருவர்.

நிலத்தை அளந்தே பழகியவன் நான். அளக்கும்போது நிலம் அசையாது. மனம் அப்படியா? அளக்கிறார்கள் என்று தெரிந்தால் அசைகிறது, தலை வாரிக்கொள்கிறது, நல்ல சட்டை போட்டுக்கொள்கிறது! அன்றுதான் அது எனக்கு உறைத்தது.

சிற்றுண்டிச்சாலையில் உட்கார்ந்தோம். சூறாவளி முதன்முறையாக மெதுவாகப் பேசினாள். "பெரியப்பா, முதல் நாள் வந்ததை மட்டும் போட்டுருவோமா? அது நல்லாத்தானே இருக்கு."

நான் முதல் நாள் குறிப்பைப் புரட்டினேன்.

"அப்பா வர்றாரு பெரியப்பா. கெட்டுப்போன ஆய்வைக் காட்டினா என்ன சொல்வாரு? இதுக்கா ஒரு வருஷம்னு கேப்பாரு."

"எனக்குத் தெரியலம்மா. வா, மேடத்தைக் கேப்போம்" என்றேன். சரி என்று சொல்லவும் துணிவில்லை, தவறு என்று சொல்லவும் துணிவில்லை. ஒரு கதவைத் தட்டும் அளவுக்கு மட்டும் துணிவு இருந்தது.

எங்கள் வழிகாட்டிப் பேராசிரியை முழுவதையும் கேட்டார். காவலர் பகுதி வந்தபோது சிரித்தார். பிறகு சூறாவளியைப் பார்த்தார். "நீ எதிர்பார்த்தது நடக்கல. என்ன நடந்துச்சோ அதை எழுது. முதல் நாளும் இருக்கட்டும், மத்த நாளும் இருக்கட்டும். ஏன் கெட்டுச்சுன்னு உனக்குத் தெரியும்ல? அதையும் எழுது."

"மார்க் குறையுமா மேடம்?"

"குறையலாம். உன் பேர் போட்ட தாள்ல பொய் இருக்காது."

எழுதினோம். கைதட்டல் உட்பட எழுதினோம்.

காட்சி நாள் வந்தது. எங்களுக்கு வலப்பக்கம் வண்ண வண்ண வரைபடங்கள், வெற்றி பெற்ற கணிப்புகள். எங்கள் அட்டையின் தலைப்பு, 'எங்கள் கணிப்பை ஏன் முழுதாகச் சோதிக்க முடியவில்லை?' பணிமனையிலிருந்து நேராக வந்திருந்தார் அந்தத் தந்தை. நகக்கண்ணில் மசகு. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். நான் அட்டையின் ஓரத்தில், முடிந்தவரை அட்டையாகவே நின்றேன்.

"நீ நெனச்சது நடக்கலையா?"

"நடக்கலப்பா."

"அதை நீயே எழுதி, நாலு பேர் பாக்க மாட்டியிருக்க."

"ஆமாப்பா."

"பக்கத்துப் பிள்ளைங்களுக்கு எல்லாம் சரியா வந்திருக்கே?"

"வந்திருக்குப்பா. எங்களுக்கு வரல."

"அப்போ இந்த வருஷம் என்னதாம்மா கெடச்சுச்சு?"

சூறாவளி அட்டையின் கடைசி வரியில் விரல் வைத்தாள். பிறகு சொன்னாள்: "ஒரு கேள்வி கெடச்சிருக்குப்பா. யாரோ பாக்குறாங்கன்னு தெரிஞ்சதும் எல்லாரும் எடுத்துக் குடுத்தாங்க. யாரும் பாக்கலைன்னா அந்தப் பழக்கம் நிக்குமா, போயிருமா? அது எனக்குத் தெரியல. தெரிஞ்சே ஆகணும்போல இருக்கு."

அவர் திரும்பி வெளியே நடந்தார். அவ்வளவுதான் என்று நினைத்தோம். சூறாவளி அட்டையைக் கழற்ற ஆணியில் கை வைத்துவிட்டாள். சன்னல் வழியே நான் பார்த்தேன். போனவர் போகவில்லை! படிக்கட்டின் அடியில் நின்று, கையிலிருந்த அழைப்பிதழையும் சில தாள்களையும், யதேச்சையாக நழுவுவதுபோல் கீழே விட்டார். விட்டுவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். அன்று வந்திருந்தவர்கள் பெற்றோர்கள். எங்கள் ஆய்வைப் பற்றி ஏதும் அறியாதவர்கள். ஒருவர் தாண்டிப் போனார். இன்னொருவர் தாண்டிப் போனார். ஒரு தம்பதி சுற்றிக்கொண்டு போனார்கள். கடைசியில், கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்மணி, குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு குனிந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தார்.

மனிதர் வேகவேகமாக உள்ளே வந்தார். முகமே மாறியிருந்தது.

"ஏம்மா, கை வீசிட்டு வந்தவங்க எல்லாம் தாண்டிப் போறாங்க. கையில குழந்தையோட வந்த பொண்ணு குனியுது. அது ஏன்?"

"தெரியலப்பா. ஒரு தடவை விழுந்ததை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"பின்னே?"

"நெறைய தடவை போட்டுப் பாக்கணும். வேற வேற எடத்துல, வேற வேற ஆளு."

அவர் தாள்களை ஒழுங்காக அடுக்கி மகள் கையில் கொடுத்தார். "அப்போ போடு" என்றார்.

அன்பர்களே! பெரியோர்களே! அவள் கணக்கியலுக்குப் போகவில்லை. இந்த ஆண்டும் இங்கேதான் இருக்கிறாள். அதே கேள்வியைத்தான் துரத்துகிறாள். விடை இன்னும் வரவில்லை. வாரக் கடைசியில் அவள் வீட்டுக்குப் போனால் வாசலிலேயே விசாரணை நடக்கிறதாம்: "என்னம்மா, அந்தக் குழந்தை வெச்சிருந்த பொண்ணு விஷயம் தெரிஞ்சுதா?"

எதற்காக இந்தக் கதை? பல்கலைக்கழகத்தில் நீங்கள் என்னவெல்லாம் பெறலாம்? மதிப்பெண் பெறலாம், மகிழ்ச்சி! பட்டம் பெறலாம், பாராட்டு! பணியும் பெறலாம், பெருமை! ஆனால் படுக்கையிலும் விடாத ஒரு கேள்வியைப் பெற்றீர்களா? உங்கள் கணிப்பு பொய்த்த நாளில், பொய்த்தது என்று சொல்லும் நேர்மையைப் பெற்றீர்களா? மனிதரை முடிவுகட்டாமல், மனிதரைப் பார்த்து வியக்கும் கண்ணைப் பெற்றீர்களா? பெறுங்கள், தோழர்களே, பெறுங்கள்! பெற்று, வீட்டுக்கும் எடுத்துச் செல்லுங்கள். உங்களை ஐயத்தோடு அனுப்பிவைத்தவர்களுக்கும் அந்த ஆவல் தொற்றட்டும்!

தாய்மார்களே, தந்தைமார்களே! உங்கள் பிள்ளை ஒருநாள் வந்து, "நான் நெனச்சது தப்பாப் போச்சு" என்று கண் மின்னச் சொல்லும். அன்று அஞ்சாதீர்கள். "அப்புறம்?" என்று கேளுங்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

சொல்ல வேண்டியதைச் சொன்னேனா, சொல்லாமல் விட்டேனா, தெரியவில்லை. விட்டதை நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள்; அதற்குத்தானே வந்திருக்கிறீர்கள்! நடுங்கிய குரலுக்கும் நல்ல செவி கொடுத்த அவைக்கு நன்றி. அழைத்த துறைக்கு நன்றி. வந்திருக்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும் நல்வரவு. வணக்கம்!