டீச்சர் பையில பூசணம்

ஜெபா: கடைய எங்கிட்ட விட்டுட்டு சலூன்ல போயி ஒக்கார இன்னைக்குத்தான் நாள் பாத்தீகளா?

செல்வமணி: கூட்டமில்லன்னாங்கன்னு போனேன். ஏன், தாடி எடுத்தது நல்லால்லையா?

ஜெபா: நல்லாத்தான் இருக்கு. சர்ச்சுக்கு வரச் சொன்னா முள்ளுத் தாடியோட வாரீக. கயல் டீச்சரு மேகமலையில இருந்து எறங்குற அன்னைக்கு மட்டும் மொகம் பளபளன்னு ஆயிருது.

செல்வமணி: ஆரம்பிச்சிட்டியா... பைய ரிப்பேருக்குக் குடுத்தாக, வாங்க வாராக. தோல் கடைன்னா நாலு பேரு வரத்தான செய்வாக.

ஜெபா: அஞ்சு மாசத்துல ஒரே பைய நாலு தடவ யாரு கொண்டு வாராக?

செல்வமணி: அவுக இருக்க தேயிலை எஸ்டேட்டுல எந்நேரமும் மூடுபனி. அந்த ஈரத்துக்குத் தோலு பூசணம் பூக்கத்தான் செய்யும்.

ஜெபா: இருளம்மா அக்காவும் அதே எஸ்டேட்டு லயத்து வீட்டுலதான இருக்காக. அவுக வீட்டுத் தோல் பைய நான் ஒருக்கத்தான் தொடச்சுக் குடுத்தேன். ரெண்டு வருசமாச்சு, திரும்பி வரல.

செல்வமணி: அது எருமத் தோலு, தடிச்சது. டீச்சரோடது ஆட்டுத் தோலு. மெல்லிசு... பச்சப் பிள்ளையத் தொடுற மாதிரி தொடணும்.

ஜெபா: தொடுவீக, தொடுவீக.

செல்வமணி: ஜெபா...

ஜெபா: பேங்க் மேனேஜரு ஸ்வேடு தோல் ஷூ பத்து நாளா பெட்டிக்குள்ள கெடக்கு. எஞ் செருப்பு வாரு அந்து மூணு மாசம், ஊக்கு குத்தி நடக்கேன். டீச்சர் பையத் தொடைக்க மட்டும் எங் காட்டன் சேலையக் கிழிச்சீக.

செல்வமணி: பழைய சேலதான... தோலுக்குத் துணி மெத்துன்னு இருக்கணும்.

ஜெபா: நான் உடுத்தி உடுத்தி மெத்துன்னு ஆனது.

செல்வமணி: இப்ப என்னதான் சொல்ல வார?

ஜெபா: எனக்குப் பொறாமையா இருக்கு. அதத்தான் சொல்றேன்.

செல்வமணி: அட... வந்தா ரெண்டு வார்த்த பேசுவாக. பள்ளிக்கூடம், பிள்ளைக, லயத்துக்குள்ள யானை வந்த கத... அம்புட்டுத்தான்.

ஜெபா: யானை வந்த கதைய எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே.

செல்வமணி: மறந்துட்டேன்.

ஜெபா: சரி, தொழிலப் பேசுவோம். அந்தப் பூசணத்துக்கு என்ன செஞ்சீக?

செல்வமணி: ஒனக்குத் தெரியாததா? வெளிய வச்சு பிரஷ் போட்டேன். ஸ்பிரிட்டுல தண்ணி கலந்து தொடச்சேன். நெழல்ல காயவச்சு கிரீம் போட்டேன்.

ஜெபா: உள்ள இருக்க துணி?

செல்வமணி: அதையும் பிரிச்சு, உள்பக்கம் தொடச்சுத்தான்...

ஜெபா: நாலு தடவையுமா?

செல்வமணி: நாலு தடவையுந்தான்.

ஜெபா: முந்தாநாள் நீங்க கம்பம் போனப்ப நான் பிரிச்சுப் பாத்தேன். கம்பெனித் தையல் அப்படியே இருந்துச்சு. ஒரு நூலு அசையல. உள்ள பூராம் பூசணம்.

செல்வமணி: அது... அவசரத்துல...

ஜெபா: உள்ள மிச்சம் விட்டா ஒரே மாசத்துல வெளிய வந்துரும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்.

செல்வமணி: ...பைய எங்க? பதினோரு மணிக்கெல்லாம் அவுக வந்துருவாக.

ஜெபா: வந்துட்டுப் போயிட்டாக. நீங்க சலூன்ல இருந்தப்ப.

செல்வமணி: போயிட்டாகளா?

ஜெபா: உள்ளயும் தொடச்சு, ரெண்டு நாளு காயவச்சு, நானே தச்சுக் குடுத்துட்டேன். பிளாஸ்டிக் கவர்ல வைக்காதீக, துணிப் பையில வைங்கன்னு சொன்னேன். அதக்கூட இதுவரைக்கும் யாரும் சொல்லலையாம்.

செல்வமணி: வேற... வேற ஏதும் கேட்டாகளா?

ஜெபா: இத ஏன் அண்ணன் மொதல்லயே செய்யலன்னு கேட்டாக.

செல்வமணி: நீ என்ன சொன்ன?

ஜெபா: எங்க வீட்டுக்காரருக்கு அம்புட்டு வேல தெரியாதுன்னு சொன்னேன்.

செல்வமணி: அடியே... இருவது வருசமா தோலு வேல பாக்கேன். தேனியில ஒருத்தன் எங் கைவேலையக் கொற சொன்னதில்ல. அவுககிட்டப் போயி இப்படியா சொல்லுவ?

ஜெபா: பெறகு என்னத்தச் சொல்ல? தெரிஞ்சேதான் உள்ள மிச்சம் விட்டாகன்னு சொல்லவா?