நீர்யானைக்கும் நீருக்கும் நடுவே

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் கலியாணசுந்தரம் ஐயா அவர்களே! வந்தாரை வரவேற்று, வழிகாட்டி, வரதர் கோயில் வாசலில் வெயிலை வாங்கிக்கொண்டு காத்திருக்கும் ஓட்டுநர் தோழர்களே! கல்லில் எழுதிய கதையைக் கேட்பவர் காதில் தேனாக ஊற்றும் வழிகாட்டி நண்பர்களே! விடுதி நடத்தும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, அலுப்பை மறைத்துவிட்டு, இந்தப் பந்தலின் பாதியை நிறைத்திருக்கும் என் தாய்மார்களே! கூரத்து டேனியல் மகள் எஸ்தர் உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

என் தாத்தன் அடுத்தவர் வயலில் வரப்பைச் செதுக்கி அண்டை வெட்டினார். நான் அடுத்தவரை ஆகாயத்தில் ஏற்றி அனுப்புகிறேன். பயண ஏற்பாடு என் தொழில். நம் சுற்றுலாத் தொழில் சங்கத்தின் ஆண்டு விழாவில் எனக்குத் தந்திருக்கும் தலைப்பு: கால்ஃப், காட்டு உலா, ஊர் சுற்றிப் பார்த்தல் மூன்றையும் ஒரே விடுமுறையில் இணைப்பது எப்படி?

என்ன அண்ணே, பின்வரிசையிலிருந்து? "கால்ஃப்பா? நம்ம ஊர்ல யாரு மா அத ஆடிக்கினு கீறாங்க?" என்கிறார். நியாயமான கேள்வி! பரந்த புல்வெளி, கைக்கு அடக்கமான வெள்ளைப் பந்து, நீண்ட மட்டை, கண்ணுக்கெட்டாத தூரத்தில் ஒரு குழி. இதுதான் ஆட்டம். பணக்கார ஆண்கள் ஆடுவது என்று நானும் நினைத்தேன். அந்த நினைப்பை என் மேசையில் வந்து உடைத்தவர், சின்னக் காஞ்சிபுரத்துப் பூமா அம்மா!

அதிர்ச்சியாக இருக்கிறதா? இது முதல் அதிர்ச்சிதான். இன்னும் இருக்கிறது!

பூமா அம்மாவைப் பலருக்குத் தெரியும். பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் ராமானுஜ் பெங்களூரில் குடியிருக்கிறார். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கால்ஃப் பயிற்சித் திடல். மகன் வீட்டுக்குப் போன அம்மா, தினமும் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார். ஒரு நாள் பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே மட்டையைக் கையில் கொடுத்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார் அம்மா, ஓங்கினார், அடித்தார். பந்து போன இடத்தைப் பார்த்துப் பயிற்சியாளர் சிரிப்பை நிறுத்திவிட்டார்!

அவருடைய கணவர் தேவராஜன் ஐயா சமஸ்கிருதப் பேராசிரியர். அனுஷ்டானம் தவறாதவர். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு ஒரே இன்பம், தொலைக்காட்சியில் விலங்குகளைப் பார்ப்பது. மனைவியின் ஆட்டத்தைக் கேள்விப்பட்டதும் அவர் சொன்னது இது: "இந்த வயசுல பந்து அடிச்சிண்டு திரிஞ்சா நாலு பேர் என்ன சொல்லுவா?" அம்மா சொன்ன பதில்: "அந்த நாலு பேரையும் வரச் சொல்லுங்கோ. சேர்ந்தே ஆடலாம்."

கை தட்டுங்கள் தாய்மார்களே, தாராளமாகத் தட்டுங்கள்!

இந்த இரண்டு பேரும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். அம்மாவுக்கு ஆட வேண்டும்; ஐயாவுக்கு ஆப்பிரிக்க விலங்குகளைக் கண்ணால் பார்க்க வேண்டும்; இருவருக்கும் சேர்த்து ஊர் பார்க்க வேண்டும். நான் தேர்ந்தெடுத்தது ஜாம்பியா. சாம்பேசி ஆறு, அதன் பேரருவி, அருகே காடு, ஆற்றங்கரையிலேயே ஒரு கால்ஃப் திடல். எத்தனை பெருமையோடு திட்டமிட்டேன் தெரியுமா? இறங்கியதும் ஓய்வு. பிறகு அருவி. பிறகு காட்டு உலா. அதன் பிறகே ஆட்டம். காட்டில் குலுங்கிய உடம்போடு உடனே மட்டை பிடிக்கக் கூடாது என்று இடையில் இளைப்பாறுதல். ஆடாதவர் ஆடுபவருக்காக வெயிலில் வாடக் கூடாது என்று, ஆட்டம் நடக்கும் காலையில் ஐயாவுக்கு மட்டும் தனியாகப் படகுப் பயணம். பாவு பிசகாத தறி போலப் பயணம் அமைத்துவிட்டதாகப் பூரித்தேன். அந்தத் திடலை நேரில் பார்க்க வேண்டும் என்று நானும் கூடவே கிளம்பினேன்.

அருவியைப் பார்த்தோம். அதன் இரைச்சலில் நாங்கள் பேசியது எங்களுக்கே கேட்கவில்லை. மறுநாள் காடு. யானைக் கூட்டம் வழிமறித்தது. தேவராஜன் ஐயா சின்னப் பிள்ளையாகிவிட்டார்! "அதோ பாரு பூமா! அந்தக் குட்டியைப் பாரு!" அம்மா எங்கே பார்த்தார்? கண்ணை இறுக மூடி, முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உதடு மட்டும் திருநாமம் சொல்ல, நாள் முழுவதும் அப்படியே உட்கார்ந்திருந்தார். திரும்பிவிடலாமா என்று கேட்டேன். "வேண்டாம்மா. அவர் முகத்தைப் பாரு. இப்படி அவர் சிரிச்சு எத்தனை நாளாச்சு!" என்றார்.

அதை ஐயாவும் கவனித்திருக்கிறார். ஆட்டத்தன்று காலையில் படகுக்காரர் வந்து அழைத்தார். ஐயா போகவில்லை. ஏன் ஐயா என்றேன். "முந்தாநாள் எனக்காக அவ நடுங்கிண்டே உக்காந்திருந்தா. இன்னிக்கு அவளுக்காக நான் கொஞ்சம் வெயில்ல நிக்கப்படாதா?"

அன்பில் எடுத்த முடிவு அவையோரே! இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? அந்த அன்புதான் அவரை அந்த ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

திடலில் எங்களுக்கு உதவியாக வந்தவர் மோசஸ். ஆடுபவரின் மட்டைப் பையைச் சுமந்து வருபவரை அங்கே 'கேடி' என்று அழைக்கிறார்கள். சிரிக்காதீர்கள்! நம் காவல் நிலையச் சுவரில் படம் ஒட்டியிருக்கும் கேடி வேறு; இவர் வேறு. தங்கமான மனிதர். நம் ரயில் நிலையங்களில் முதியவர்களை ஏற்றிச் செல்லும் பேட்டரி வண்டி போல ஒன்றில் எங்களை ஏற்றிக்கொண்டு குழி குழியாகக் கூட்டிப் போனார். அங்கே அது குளிர்காலம். இதமான வெயில். அம்மா அன்று ஆடினார் பாருங்கள், அப்படி ஓர் ஆட்டம்! ஒவ்வோர் அடிக்கும் ஐயா பரவசப்பட்டார். "இது நம்ம பூமாவா?" என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்.

உச்சிப்பொழுது வந்தது. ஆற்றை ஒட்டிய குழிக்கு வந்து சேர்ந்தோம். அம்மா பந்தைக் குழிக்குள் தள்ளக் குனிந்தார். மோசஸ் கொடிக்கம்பத்தைப் பிடித்திருந்தார். நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஐயாவோ ஆற்றைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார். மாத்தியான்னிகம் என்னும் உச்சிவேளை வழிபாடு செய்யும் நேரம். எதிரே ஓடுகிற நீர். இங்கேயிருந்து எடுத்துப் போன பஞ்சபாத்திரத்தோடு, யாரிடமும் சொல்லாமல், சரிவில் இறங்கிவிட்டார். இறங்கக் கூடாது என்ற எச்சரிக்கைப் பலகை அந்தப் பக்கம் இல்லை. நீரை அள்ளினார். கண்ணை மூடினார்.

அவருக்குப் பின்னால் நாணல் அசைந்தது.

காற்றா? காற்று இல்லை! கரையேறி வெயில் காய்ந்துகொண்டிருந்த நீர்யானை! வாயைத் திறந்தால் ஒரு மனிதனை நெட்டுக்குத்தாக உள்ளே நிறுத்தலாம். அதைவிடப் பயங்கரம் ஒன்று உண்டு. நீர்யானைக்கும் அதன் நீருக்கும் நடுவே எவன் நிற்கிறானோ, அவனை அது எதிரி என்றே எண்ணும். ஐயா நின்ற இடம் அதுதான்! மோசஸ் கத்தினார். என் கால்கள் மண்ணில் முளைத்துவிட்டன.

முட்டுக்கட்டை நழுவிய தேர் போல அது கிளம்பியது. அதே நொடியில் என்னை உரசிக்கொண்டு வேறொன்றும் கிளம்பியது. என்ன தெரியுமா? அந்தப் பேட்டரி வண்டி! ஓட்டியது யார் தெரியுமா? வாழ்நாளில் ஒரு மிதிவண்டி கூட ஓட்டாத பூமா அம்மா!

இரண்டு நாள் முன்பு காட்டில், பாதுகாப்பான வண்டிக்குள், கண் திறக்க அஞ்சியவர் அவர். அவரா இவர்? நான் கண்டது கனவா? சரிவில் குதித்து, குலுங்கி, கணவருக்கும் விலங்குக்கும் நடுவே வண்டியைக் கொண்டுபோய்ச் செருகினார். "ஏறுங்கோ! மந்திரம் அப்புறம் சொல்லலாம், ஏறுங்கோ!" ஐயா எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. அடுத்த கணம் இடி! வண்டியின் பின்பக்கம் அந்த வாய்க்குள் நொறுங்கியது. மட்டைகள் சிதறின. கூரை கிழிந்தது. வண்டி ஒருக்களித்துச் சரிந்து இருவரையும் புல்லில் வீசியது. வழி திறந்ததும் நீர்யானை ஆற்றுக்குள் பாய்ந்தது. அதன் பின்னாலேயே நாணலை விலக்கிக்கொண்டு இன்னொன்று தத்தித் தத்தி இறங்கியது. குட்டி.

ஆமாம் அக்கா, நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. "ரெண்டு பேரும் பொழச்சாங்களா மா?" பிழைத்தார்கள். ஐயாவுக்குச் சிராய்ப்பு. அம்மாவுக்கு மணிக்கட்டு உடைந்தது, மட்டை பிடிக்கும் வலது கை. ஐயா அந்தக் கையை மடியில் தாங்கிக்கொண்டு, "நீ ஏண்டி வந்தே? உனக்கு ஏதாவது ஆயிருந்தா?" என்று விம்மினார். அம்மா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "வேற யார் வருவா?"

இதோடு முடிந்திருந்தால் நான் இத்தனை நாள் தூக்கம் கெட்டிருக்க மாட்டேன். திடலின் மேலாளர் ஓடி வந்தார். மன்னிப்புக் கேட்டார். ஆம்புலன்ஸை அழைத்தார். கூடவே துப்பாக்கி ஏந்திய ஆட்கள் இரண்டு பேரையும் வரவழைத்தார். எதற்கு என்று கேட்டேன். விருந்தினரைத் தாக்கிய விலங்கை விட்டுவைத்தால் இனி யார் ஆட வருவார்கள், மாலைக்குள் சுட்டுவிடுவோம் என்றார். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் தெரியுமா? புல் வெட்டச் சொல்வது போலச் சொன்னார்! குட்டி என்னாகும் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார்.

அந்தத் தோள் குலுக்கலில் நான் உறைந்தேன். ஆனால் பூமா அம்மா எழுந்து உட்கார்ந்தார். "எஸ்தர், என்ன சொல்றார் அவர்?" சொன்னேன். ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அம்மா ஏறவில்லை! "சுட மாட்டோம்னு சொல்லச் சொல்லு. அப்புறம் ஏறறேன்." கை வீங்குகிறது, முகம் வெளுக்கிறது, மருத்துவப் பணியாளர் மன்றாடுகிறார். ஏறவில்லை! "புள்ளையைப் பக்கத்துல வெச்சிண்டிருந்தது. வழியில ஒருத்தன் வந்து நின்னா அது என்ன பண்ணும்? நான் என்ன பண்ணினேனோ அதைத்தானே அதுவும் பண்ணித்து?"

தேவராஜன் ஐயா எழுந்தார். சேறு படிந்த வேட்டியோடு மேலாளர் முன் நின்றார். வகுப்பறைக் குரலில், அழுத்தமான ஆங்கிலத்தில் சொன்னார்: அதன் வழியில் போய் நின்றது நான். தவறு என்னுடையது. என் பொருட்டு அது சாகுமானால், என்னைக் காப்பாற்றியதற்கே அர்த்தமில்லை. நானும் என் மனைவியும் இந்தப் புல்லைவிட்டு நகர மாட்டோம்.

மோசஸும் பொறுக்கிய மட்டைகளைக் கீழே போட்டுவிட்டு அவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் என் கால்களும் அசைந்தன. நானும் போய் உட்கார்ந்தேன்.

மேலாளர் தொலைபேசியில் யார் யாரிடமோ பேசினார். வனத்துறை அதிகாரி ஒருவர் வந்தார், எல்லோரிடமும் விசாரித்தார், நாணலுக்குள் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, துப்பாக்கிக்காரர்களைப் போகச் சொன்னார். சுடத் தேவையில்லை, அந்தக் குழியை மூடுங்கள் என்று மேலாளருக்கு உத்தரவிட்டார். அதை நான் தமிழில் சொல்லி முடித்த பிறகுதான் அம்மா ஆம்புலன்ஸில் ஏறினார். ஏறியதும் மயங்கி விழுந்தார்.

என் அன்புக்குரியவர்களே! தலைப்புக்கு வருகிறேன். கால்ஃப், காடு, ஊர் மூன்றையும் இணைப்பது எப்படி? விமானத்தை இணைக்கலாம், வண்டியை இணைக்கலாம், விடுதியை இணைக்கலாம். இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. விருந்தாளி எங்கே தூங்குவார் என்று யோசித்தேன், எங்கே சாப்பிடுவார் என்று யோசித்தேன், எங்கே களைப்பார் என்று யோசித்தேன். அந்த மண்ணில் ஏற்கெனவே குடியிருப்பவர் யார் என்று யோசித்தேனா? நாம் வாடகைக்கு எடுக்கும் அந்த வெயில் யாருடைய வெயில்? நாம் படம் பிடிக்கும் அந்தக் கரை யாருடைய கரை? நாம் பொழுதுபோக்கப் போகும் இடத்தில் பிழைப்பு நடத்தும் உயிர் எது? இந்தக் கேள்வியைக் கேட்காத திட்டம் திட்டமாகுமா? நம் தென்னேரி ஏரிக்கரைக்கு நாளை பறவை பார்க்க ஆளை அழைத்துப் போனாலும் இதையே கேளுங்கள்! கேட்டுவிட்டு வண்டியை எடுங்கள்! கேட்காமல் எடுக்காதீர்கள்!

போன வாரம் மோசஸ் பேசினார். குழியை ஆற்றைவிட்டுத் தள்ளி அமைத்துவிட்டார்களாம். தாயும் குட்டியும் அதே நாணலில் வெயில் காய்கின்றனவாம். இந்தச் செய்தியைச் சொல்ல, விழாவுக்கு அழைக்கும் சாக்கில் பூமா அம்மாவைத் தேடினேன். ஊரில் இல்லை. பெங்களூர் போயிருக்கிறார். கை கூடிவிட்டதாம், மறுபடியும் ஆடுகிறாராம். அங்கே அழைத்தேன். தொலைபேசியை எடுத்தவர் தேவராஜன் ஐயா. மூச்சு வாங்கப் பேசினார். என்ன ஐயா, உடம்பு சரியில்லையா என்று பதறினேன்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லே எஸ்தர். அவ அடிச்சிண்டே போயிண்டிருக்கா. நான் மட்டைப் பையைத் தூக்கிண்டு பின்னாடி ஓடிண்டிருக்கேன். வெச்சுடறேன், கூப்பிடறா!"

பொறுமையோடு செவி தந்த பெரியோர்களுக்கும், பதறியபோது என்னோடு பதறிய தாய்மார்களுக்கும், பேச மேடை தந்த சங்கத்துக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. போகும் ஊரெல்லாம் உங்களுக்குப் பொலிவு தரட்டும். நீங்கள் போன தடத்தில் எந்த உயிரும் புண்படாதிருக்கட்டும். வணக்கம்!