நாலாவது கேள்விக்கு மூணு பேர்

பிளஸ்ஸி: ...அதான் சொல்றேன், கேள்விதான் தப்பு. நம்ம மேல தப்பே இல்ல.

நிகத்: முதல்ல தள்ளி உக்காரு. தாம்பரத்துலயே ட்ரெயின்ல சீட் புடிக்கலைன்னா பல்லாவரம் வரைக்கும் நின்னுகிட்டுத்தான் போகணும்.

பிளஸ்ஸி: உக்காந்தாச்சு. உன் பேப்பரைக் காட்டு.

நிகத்: எந்தப் பேப்பர்?

பிளஸ்ஸி: புள்ளியியல் டெஸ்ட்டுடி. ஜெபகுமார் சார் இன்னிக்குத்தானே திருத்திக் குடுத்தார். தனியா எழுதினோமே, அது.

நிகத்: அது... பையில அடியில கிடக்கு.

பிளஸ்ஸி: எடு.

நிகத்: மேல டிபன் பாக்ஸ். குழம்பு வேற ஒழுகியிருக்கு. அப்புறம் எடுக்கறேன்.

பிளஸ்ஸி: எனக்கு ஒண்ணுமே புரியல நிகத். ரெண்டு வருஷமா டெஸ்ட்ல லேசா திரும்பினாலே வெளிய அனுப்பின மனுஷன். இப்ப ஏதோ பயிற்சிக்குப் போயிட்டு வந்து, முதல் அரை மணி தனியா எழுது, அடுத்த அரை மணி மூணு பேரா உக்காந்து அதே கேள்வியைப் பேசி எழுதுங்கறார். ரெண்டுக்கும் தனித்தனி மார்க், பேசலைன்னா அது இல்லையாம்.

நிகத்: பேசினாதான் மண்டையில ஏறும்கறார்.

பிளஸ்ஸி: என்ன ஏறுச்சு? பேசினோம், நாலாவது கேள்விக்கு முட்டை வந்துச்சு. மொத்தமா அஞ்சு மார்க் போச்சு.

நிகத்: நம்மகூட உக்காந்த சுஜி ஒரு வார்த்தை பேசினாளா? நீங்க ரெண்டு பேரும் என்ன சொல்றீங்களோ அதான்னுட்டு நெயில் பாலிஷைச் சுரண்டிகிட்டிருந்தா.

பிளஸ்ஸி: அவளை விடு, அவளுக்கு இதுவரைக்கும் இன்டர்னல் மார்க் முப்பத்தொண்ணு. எனக்குப் பதினெட்டுடி.

நிகத்: ...பதினெட்டா?

பிளஸ்ஸி: இருபது இருந்தாதான் செமஸ்டர் எழுத விடுவாங்க. ரெண்டு மார்க் குறையுது. அடுத்த வருஷம் ஜூனியர் பசங்களோட உக்காந்து இதே பாடத்தைத் திரும்பப் படிக்கணும். வீட்டுல இன்னும் சொல்லல.

நிகத்: நீ முப்பதுக்கு மேல வாங்கியிருப்பன்னுல்ல நினைச்சேன்.

பிளஸ்ஸி: எப்ப வாங்கினேன் நான்? அதான், நாளைக்கு நீயும் வா. சார்கிட்ட கேட்டுடலாம்.

நிகத்: என்னன்னு கேக்கறது?

பிளஸ்ஸி: இதென்ன கேள்வின்னுதான். பெரிய ஆஸ்பத்திரிக்கு நூறு பேர் போனா அஞ்சு பேர் சாவறாங்க. சின்ன ஆஸ்பத்திரியில ரெண்டு பேர். எது நல்ல ஆஸ்பத்திரி? ‘ஏ’ பெரிசு, ‘பி’ சின்னது, ‘சி’ இதை வச்சுச் சொல்ல முடியாது. சின்னதுன்னு பச்சைப்புள்ளகூட சொல்லுமே.

நிகத்: ம்ம்...

பிளஸ்ஸி: என்ன ம்ம்?

நிகத்: அன்னிக்கு நீ என்ன சொன்ன? அனகாபுத்தூர்ல உங்க தெரு பக்கத்துல...

பிளஸ்ஸி: சளி, ஜுரம், கையில வெட்டுன்னா எல்லாரும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குத்தான் போவோம், நர்ஸக்கா பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க, அங்க யாரும் செத்ததே இல்லன்னேன். நெஞ்சுவலின்னா மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவோம்னேன்.

நிகத்: அதுலயே பதில் இருக்குடி.

பிளஸ்ஸி: எதுல?

நிகத்: சளி புடிச்சவன் பிழைச்சுப்பான். உசுருக்குப் போராடறவங்க எல்லாம் பெரிசுக்குப் போறாங்கன்னா, அங்க சாவு கூடத்தானே இருக்கும்? அதுக்காக அந்த ஆஸ்பத்திரி மோசமா?

பிளஸ்ஸி: இரு... இரு. அப்ப நான் சொன்னது எல்லாம் ‘பி’ தப்புன்னு சொல்ற மாதிரியா?

நிகத்: அப்படித்தான்.

பிளஸ்ஸி: தலை சுத்துதுடி. என் வாயாலயே என்னைக் கவுத்துகிட்டேனா? இது உனக்கு எப்பப் புரிஞ்சுது?

நிகத்: இப்பதான்... இன்னிக்கு சார் விளக்கினப்ப. சானடோரியம் ஸ்டேஷன் தாண்டிருச்சு பாரு.

பிளஸ்ஸி: தாண்டட்டும். பதில் ‘சி’யாவே இருக்கட்டும். ஆனா நீயும் ‘பி’தானே போட்ட? கிளாஸ் ஃபர்ஸ்ட்டுக்கே குழப்பம்னா கேள்வி சரியில்லன்னுதானே அர்த்தம்? உன் பேப்பரையும் என் பேப்பரையும் சார் முன்னாடி வைப்போம். அஞ்சுல ரெண்டு குடுத்தாகூட போதும் எனக்கு.

நிகத்: நான் ‘பி’ போட்டேன்னு யார் சொன்னா?

பிளஸ்ஸி: ...நீதான்.

நிகத்: நான் சொல்லலையே.

பிளஸ்ஸி: மூணு பேரா உக்காந்தப்ப சொல்லியிருப்ப.

நிகத்: அன்னிக்கு நான் சொன்னதே ஒரு வார்த்தை. சரி, அப்படியே எழுதிக்கலாம்னேன். பேனாவை மூடிட்டேன்.

பிளஸ்ஸி: அதைத்தான் நானும் கேக்கறேன். ஒண்ணுக்குப் பத்து கேள்வி கேக்கறவ, ஏன் அன்னிக்கு மட்டும் உடனே சரின்னுட்ட?

நிகத்: பேச்சை மாத்தாத. ‘பி’ன்னு எப்படித் தெரியும்?

பிளஸ்ஸி: இது எந்த ஸ்டேஷன்?

நிகத்: குரோம்பேட்டை வந்துருச்சு. அடுத்தது பல்லாவரம். நீ ஒரு பக்கம் போயிடுவ, நான் கீழ்க்கட்டளை பஸ்ஸுக்கு ஓடணும். சொல்லு.

பிளஸ்ஸி: திட்டக் கூடாது.

நிகத்: சொல்லு முதல்ல.

பிளஸ்ஸி: பார்த்தேன்டி. தனியா எழுதறப்ப சார் ஜன்னல் பக்கம் திரும்பினாரா, உன் பேப்பரை எட்டிப் பார்த்தேன். நாலாவதுக்கு ‘பி’யைச் சுத்தி வட்டம் போட்டிருந்த. நானும் போட்டேன். அப்புறம் மூணு பேரா உக்காந்தப்ப, நிகத் போட்ட பதில், எப்படியும் சரிதான்னு ஒரு தைரியம். தைரியத்துல வாய்க்கு வந்ததை எல்லாம் பேசினேன். அந்தப் பதில் உன்னுதுதான். நான் அதுக்கு வக்கீல் வேலை பார்த்தேன், அவ்வளவுதான்.

நிகத்: என் பேப்பரையா?

பிளஸ்ஸி: கோவமா? நாளைக்கு உன் பேப்பரை மட்டும் கொண்டுவா. எட்டிப் பார்த்ததைக்கூட நானே சார்கிட்ட ஒத்துக்கறேன். பேப்பரை எடுடி, நிகத்.

நிகத்: எடுத்தா உனக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல பிளஸ்ஸி. நீ பார்த்த அந்த வட்டத்தை அப்பவே அடிச்சிட்டு ‘சி’ போட்டுட்டேன். தனியா எழுதினதுல எனக்கு அஞ்சுக்கு அஞ்சு. மூணு பேரா உக்காந்தப்ப நீ வாயைத் திறந்த உடனே அது தப்புன்னு தெரியும் எனக்கு... ஆனா ரெண்டு வருஷத்துல கிளாஸ்ல நீ பேசி நான் கேட்டதே இல்லடி. கை ஆட்டி ஆட்டிப் பேசின, சார்கூட பக்கத்துல வந்து நின்னு கேட்டார், எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. எப்படி நிறுத்தச் சொல்வேன்? அஞ்சு மார்க்தானே, போனாப் போகட்டும்னு விட்டேன்... உன்கிட்ட பதினெட்டுதான் இருக்குன்னு எனக்குத் தெரியாது.