நாலு நாளா ஓடாத கீபோர்டு

இல்ல கண்ணு, கீபோர்டு புதுசுதான். நேத்துத்தான் அஸ்தம்பட்டி போயி வாங்கிட்டு வந்தாரு எங்க மொதலாளி அய்யா. பழசும் ஓடல, புதுசும் ஓடல. அதனாலதான் உன்னய நேர்ல வரச் சொன்னது. ஆமா, போன்ல பேசினது நாந்தான், சௌந்திரம். நீதான் ஜெயப்பிரியாவா? குரலக் கேட்டு உனக்கு என்ற வயசு இருக்கும்னு நெனச்சுட்டேன், தப்பா எடுத்துக்காத. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காரு. மொதல்ல டீயக் குடி. சேலத்துல இருந்து ராசிபுரத்துக்கு இந்த வெயில்ல வண்டி ஓட்டிட்டு வந்திருக்கற. கம்ப்யூட்டரு எங்கியும் ஓடிறாது. ஓடாததுதான பிரச்சினையே.

செரி, ஆன் பண்ணிக்க. ஆன் ஆகறதுக்கே அஞ்சு நிமிசம் ஆகும், அது பழைய மிசினு. எங்கய்யா எங்கியா? எதுத்தாப்பல ரிஜிஸ்டர் ஆபீசுல ஒரு பார்ட்டியோட நிக்கறாரு. நாச்சிமுத்துன்னு பேரு, பத்திரம் எழுதறவரு. அவரு வாயில சொல்லுவாரு, நான் அடிப்பேன். இருவத்திரெண்டு வருசமாச்சு. அவருக்கு ஒரு எழுத்து அடிக்கத் தெரியாது. ஆனா கம்ப்யூட்டரப் பத்தி எல்லாம் தெரியும்.

திங்கக்கெழம காத்தால கெட்டுப்போச்சு. நான் உக்காந்து அடிக்கறேன், ஒரு எழுத்து ஏற மாட்டேங்குது. அய்யா வந்து தள்ளு தள்ளுன்னுட்டு கீபோர்டக் கவுத்துப் போட்டுத் தட்டினாரு பாரு, உள்ள இருந்து பொரி உழுகுது, குண்டூசி உழுகுது, என்ற ஸ்டிக்கர் பொட்டு ரெண்டு உழுகுது. என்ன சௌந்திரம், ஒரு மளிகக் கடையே வச்சிருக்கறன்னாரு. பொறவு ஒயரப் புடுங்கி பின்னாடி சொருகினாரு, முன்னாடி சொருகினாரு. அப்பறம் ஆப் பண்ணி ஆன் பண்ணினாரு. அதுக்கப்பறம் சாமி படத்துக்கிட்ட இருந்து துந்நூறு எடுத்து மானிட்டருக்கு வச்சுட்டாரு. இங்க பாரு, இன்னும் இருக்குது. தொடைக்காத, அவருக்குக் கோவம் வந்துரும்.

ஆமா, நீ போன்ல சொன்னதெல்லாம் செஞ்சேன். நம்பர் லாக்கு பாத்தேன். தமிழுக்கும் இங்கிலீசுக்கும் மாத்தி மாத்திப் பாத்தேன். அந்த டிவைஸ் மேனேஜருக்குள்ள போயி கீபோர்ட அழிச்சுட்டு மறுக்கா ஆன் பண்ணச் சொன்னியே, அதையும் பண்ணினேன். பண்ணினேன் கண்ணு. அப்பறம் திரையிலயே ஒரு கீபோர்டு வருமே, அதக் கொண்டாரச் சொன்னியல்லோ? அதுல மவுசுல குத்தினா எழுத்து உழுந்துச்சு. அய்யாவுக்குத் தாங்க முடியாத சந்தோசம். நானே அடிக்கறேன்னு உக்காந்தாரு. ஒரு மணி நேரம். நாமக்கல் மாவட்டம், ராசிபுரம் வட்டம்னு வந்துச்சு, அதுலயும் வட்டத்துல ட் உழுகல. அத்தோட கை வலிக்குதுன்னு எந்திரிச்சுட்டாரு.

பக்கத்துக் கடையிலயா? அடிச்சிருக்கலாம்தான். மத்த பத்திரமெல்லாம் அங்கதான் போயி அடிச்சாங்க. ஒரு பத்திரந்தான் நின்னு போச்சு.

வாங்கண்ணா. இல்லீங்ண்ணா, இந்தப் புள்ள இப்பத்தான் வந்துச்சு, பாத்துட்டு இருக்குது. நீங்க கார்லயே உக்காருங்க, இங்க பேன் ஓடறதே தெரியாது. ஆனதும் நானே வந்து கூப்படறனுங்ண்ணா.

எங்கண்ணன். கூடப் பொறந்தவரு, தனபாலு. அவரு பத்திரந்தான் அது. நாளைக்கு ஆடி பொறக்குது, ஆடியில பத்திரம் பண்ண மாட்டாங்க எங்க பக்கம். அதனால இன்னைக்கே முடிக்கோணும்னு நிக்கறாரு. மூணு மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீசுல டோக்கன். பக்கத்துக் கடைக்கு அவரு போக மாட்டாரு. தங்கச்சி பத்திரக் கடையில இருக்கறப்ப அண்ணங்காரன் வேற கடையில அடிச்சா ஊரு என்ன பேசும்? தங்கச்சிக்கு இஷ்டமில்லையோன்னு பேசும். அந்த மானத்துக்காக நாலு நாளா கார்ல உக்காந்திருக்கறாரு, பாவம்.

விடுதலைப் பத்திரம். கேள்விப்பட்டிருக்க மாட்ட. அப்பன் சொத்துல பொண்ணுக்கும் பங்கு இருக்குதல்லோ, அந்தப் பங்கு எனக்கு வேண்டாம், கூடப் பொறந்தவனே வச்சுக்கட்டும்னு பொம்பளைங்க எழுதிக் குடுக்கறது. எங்கப்பன் போன தை மாசம் தவறிப் போயிட்டாரு. ரெண்டரை ஏக்கரா, ஒரு கெணறு. ஆமா, எழுதிக் குடுக்கறது நாந்தான். நானே அடிச்சு நானே கையெழுத்துப் போடறது. ஆபீசுல இருக்கறவங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு.

இரு இரு, அந்த செட்டிங்ஸ் பக்கம் அப்பறம் போலாம். வெங்காய பஜ்ஜி சொல்லியிருக்கறேன், சாப்பிட்டுட்டுப் பாரு. எண்ணெக் கையோட தொடக் கூடாதா, செரி, தொடைச்சுக்கிட்டுத் தொடு.

இந்தக் கடையில நான் எத்தன விடுதலைப் பத்திரம் அடிச்சிருப்பேன்னு கணக்கே இல்ல. எல்லாத்துலயும் ஒரு வரி வரும். என் சுய விருப்பத்தின் பேரிலும், எவருடைய தூண்டுதலோ வற்புறுத்தலோ இன்றியும். அந்த வரிய நான் பாக்காமயே அடிப்பேன், வெரலுக்கே தெரியும். கந்தம்மாள்னு ஒரு அக்கா வந்தாங்க ஒருக்கா. ரெண்டு பக்கமும் தம்பிங்க நிக்கறாங்க, தப்பிச்சுப் போயிருவாங்களோங்கற மாதிரி. அந்தக்கா எங்கிட்ட, அதுல என்ன சாமி எழுதியிருக்குதுன்னு கேட்டாங்க. நான் இந்த வரியப் படிச்சுக் காட்டினேன். அப்படியா எழுதியிருக்குதுன்னு கேட்டுட்டுச் சிரிச்சாங்க பாரு. தம்பிங்களும் கூடச் சேந்து சிரிச்சாங்க, எதுக்குன்னு தெரியாம. அப்பறம் கண்ணத் தொடைச்சுட்டு ரேகை வச்சுட்டாங்க. நான் அடுத்த பத்திரத்த எடுத்துட்டேன். அதுதான வேல.

எங்கண்ணன் கெட்டவரில்ல கண்ணு. அப்படி நெனச்சுராத. என்ற ஊட்டுக்காரரு லாரியில போயி அடிபட்டப்ப இந்த ஊருல இருந்து ஒருத்தரும் வரல, அவருதான் விஜயவாடா வரைக்கும் போயிப் பொணத்தக் கொண்டாந்தாரு. எனக்கு ஆப்ரேசன் பண்ணினப்ப பத்து நாளு அண்ணிதான் சோறு கொண்டாந்தாங்க. அவரு எம்மேல ஒரு நாளும் சத்தம் போட்டதில்ல. போன வெள்ளிக்கெழம போன் பண்ணினாரு. கோயில் நோம்பிக்குக் கூப்பட்டாரு, புள்ளையப் பத்திக் கேட்டாரு, போன வெக்கறப்ப, அப்படியே நம்ம பத்திரத்தையும் அடிச்சு வச்சிரு அம்மிணின்னாரு. தயிருக்கு ஒற ஊத்தி வச்சிருன்னு சொல்ற மாதிரி. குடுக்கறயான்னு கேக்கல. கேக்கோணும்னே அவருக்குத் தோணல. கேட்டிருந்தா எழுதிக் குடுத்தாலும் குடுத்திருப்பேன், ஆரு கண்டா?

நான் வாடகை ஊட்டுல இருக்கறேன். ஊட்டுக்காரம்மா வருசத்துக்கு ஒருக்கா காலி பண்ணச் சொல்லுவாங்க, நான் வருசத்துக்கு ஒருக்கா அழுவேன், அவிய மனசு எறங்குவாங்க. அது ஒரு சடங்கு மாதிரி ஆகிப்போச்சு. புள்ள கனிஷ்கா நர்சிங் படிக்கறா. அம்மா, உனக்கு அந்தத் தோட்டத்துல ஒரு பங்கு இருக்குதல்லன்னு கேட்டா. மாமங்காதுல உழுந்துறப் போவுது, பேசாம இருன்னு அவ வாயப் பொத்தினது நாந்தான். ஊரு பொம்பளைங்களுக்கெல்லாம் சட்டம் அடிச்சுக் குடுக்கறவ.

ஏன் சிரிக்கற? என்ன வந்துச்சு திரையில?

பில்டர் கீயா. அப்படின்னா? வெரசா அடிச்சா எடுத்துக்காது, அழுத்திப் புடிச்சிருந்தாத்தான் எழுத்து உழுகுமா. அப்ப கீபோர்டுல கோளாறே இல்லியா. அதான் புதுசு போட்டும் ஓடல. அடக் கெரகமே.

வலதுபக்கத்து ஷிப்டு கீய எட்டு செகண்டு அமுக்கிப் புடிச்சா ஒரு கேள்வி வருமா. அதுக்கு ஆமான்னு குடுத்தாத்தான் இப்படி ஆகுமா. தானா ஆகாதா?

ஆகாதுல்ல.

போன்லயும் இதையே கேட்ட. அப்படி எதுவும் வரலைன்னு சொன்னேன். நீயும் நம்பிட்ட, நல்ல புள்ள. மூணு வருசத்துக்கு முன்னாடி கை தெரியாம பட்டு இதே மாதிரி ஆச்சு. அன்னைக்கு வந்தவரு சரி பண்ணினதப் பக்கத்துல நின்னு பாத்தேன். அய்யா அப்ப ஊர்ல இல்ல. திங்கக்கெழம எங்கண்ணன் பேர அடிச்சு, அவரோட உடன்பிறந்த சகோதரின்னு என்ற பேர அடிச்சேன். அடுத்த வரி அந்த வரி. வெரலு நின்னு போச்சு. அப்பறம் அது தானா அந்த மூலைக்குப் போயி அமுக்கிப் புடிச்சுக்கிச்சு. கேள்வி வந்துச்சு. ஆமான்னு குடுத்துட்டேன். அம்பத்தோரு வயசுல எங்கிட்டக் கேட்டுப் பதில் வாங்கினது இந்த மிசினு ஒண்ணுதான்.

இப்ப மணி என்ன? மூணே காலா. டோக்கன் போயிருச்சு. டீயும் பஜ்ஜியும் வாங்கிக் குடுத்து உன்னய இவ்வளவு நேரம் பேச்சுலயே புடிச்சு வச்சது அதுக்குத்தான், மன்னிச்சுக்க கண்ணு. அய்யாகிட்ட எதையாவது சொல்லிரு. வைரஸ்னு சொல்லு, வைரஸ்னா அவரு நம்புவாரு.

நீ இத சரி பண்ணிட்டுப் போ. ஆடி முடியட்டும், அதுக்குள்ள இன்னொரு சாக்கு கெடைக்கும்னுதான் காத்தால வரைக்கும் நெனச்சிருந்தேன். ஆனா உங்கிட்டச் சொல்லிட்டனே. வாய் விட்டு இப்பத்தான் மொத தடவையாச் சொல்றேன். சொல்லிட்டா ஒண்ணும் ஆகறதில்லைன்னு தெரியுது.

நீ பாட்டுக்கு வேலயப் பாரு. அவரு கார்ல தூங்கிட்டு இருப்பாரு, கண்ணாடியத் தட்டி எழுப்போணும். எழுதிக் குடுக்க எனக்கு இஷ்டமில்லீங்ண்ணான்னு சொல்லிப்போட்டு வாரேன்.